கலை பிறக்கும் ஊரில் கலை ஏன் தங்குவதில்லை?

சென்னைக்கும் அரக்கோணத்துக்கும் இடையே புறநகர் மின்ரயில் நின்று செல்லும் சிறிய நிலையங்களுள் மணவூரும் ஒன்று. கடந்த வைகாசியில் ஒரு மாலை அங்கே இறங்கி, பழையனூர்ப் பக்கமுள்ள சிற்றூர் ஒன்றுக்குத் தெருக்கூத்துப் பார்க்கச் சென்றேன். திரௌபதி அம்மன் கோயில் திருவிழா. அன்றிரவு 'அர்ச்சுனன் தபசு'. வழக்கப்படி இரவு பத்து மணிக்குமேல் கட்டியங்காரன் வந்து கூத்தைத் தொடங்கிவைக்க வேண்டும். அர்ச்சுனன் வேடமிட்டவர் தபசு மரத்தின் உச்சியில் பாடி முடிக்கும்போது கிழக்கு வெளுக்க வேண்டும். அன்று ஏழரை மணிக்கே கூத்து தொடங்கிவிட்டது. பத்து மணிக்கு ஒலிபெருக்கி நிறுத்தப்பட்டது. அதன்பிறகு ஒலிபெருக்கி இல்லாமலேயே ஆடினார்கள். நள்ளிரவுக்கு முன்பே அர்ச்சுனன் மரம் ஏறி இறங்கிவிட்டான். மரத்தின் உச்சியிலிருந்து வீசப்படும் எலுமிச்சையையும் பூவையும் பெறுவதற்காக ஈரச் சேலையுடன் காத்திருந்த பெண்கள் கலைந்து சென்றார்கள்.

அரிதாரம் கலைத்துக்கொண்டிருந்த கூத்து வாத்தியாரிடம் பேச்சுக் கொடுத்தேன். அவருடைய ஜமாவில் பதினைந்து பேர். அவர்களுள் இளையவர்கள் இருவர் ஒரகடம் பக்கம் தொழிற்சாலை வேலைக்குப் போய்விட்டார்கள். இரவுப் பணி இல்லாத நாளில்தான் வேடம் கட்ட வருவார்கள். "ராத்திரி முழுக்க ஆடுற கதைய ரெண்டு மணி நேரத்துலயும் சொல்லிடலாம் சார். ஆனா அதுக்குப் பேரு கூத்து இல்ல" என்றார். அடுத்த வாரம் சென்னையில் ஒரு விழாவுக்கு அழைத்திருக்கிறார்களாம். இருபது நிமிடம் ஆட வேண்டும். அதற்குத் தரும் தொகையும் இங்கே ஓர் இரவுக்குத் தரும் தொகையும் ஏறத்தாழ ஒன்றுதான் என்றார். குறையாகச் சொல்லவில்லை, கணக்காகத்தான் சொன்னார்.

பொருளியலைக் கற்பித்தே வாழ்நாளைக் கழித்தவன் என்பதால் அந்தக் கணக்கு என் மனத்தில் தங்கிவிட்டது. மணவூர், திருவாலங்காடு, திருத்தணி என்று ஒரே வழித்தடத்தில் அமைந்த இந்த வட்டாரத்தைக் கலை வறண்ட பகுதி என்று எவரும் சொல்ல முடியாது. ஆயினும் இங்கே பிறக்கும் கலை இங்கே தங்குவதில்லை. காரணம் ரசனைக் குறைவு அன்று. கலைக்கு உள்ளூரில் பணம் கொடுத்துவந்த கைகள் ஒவ்வொன்றாக ஓய்ந்துவிட்டன என்பதுதான். இதைச் சரியாகப் புரிந்துகொண்டால் தீர்வும் அத்தனை தொலைவில் இல்லை.

விளைவது இங்கே, விலைபோவது வேறிடத்தில்

ஐந்து சபைகளுள் இரத்தின சபை திருவாலங்காடு. காரைக்கால் அம்மையார் தலையால் நடந்து வந்ததாகப் பெரியபுராணம் போற்றும் தலம் இது. அவர் பாடிய திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகத்தில் ஒரு பாட்டு, பண்ணின் நரம்புகளையும் தக்கை, தாளம், வீணை, மத்தளம், தமருகம், குடமுழா முதலிய இசைக்கருவிகளையும் அடுக்கிச் சொல்கிறது. தமிழிசை வரலாற்றை எழுதப் புகும் எவரும் அந்தப் பாட்டைத் தொடாமல் செல்ல முடியாது.

அதே ஊரின் பெயரைத் தாங்கிய நடராசர் செப்புத்திருமேனி இன்று சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பிரெஞ்சுச் சிற்பி ரோதேன், அந்தத் திருமேனியின் ஒளிப்படங்களை வைத்துக்கொண்டு, சிவ நடனத்தைப் பற்றி 1913 வாக்கில் எழுதிய குறிப்புகள் அவர் மறைவுக்குப்பின் 1921இல் பாரிசில் வெளியாயின. உலகச் சிற்பக்கலை வரலாற்றில் திருவாலங்காடு இடம்பெற்றது அப்படித்தான். சிற்பத்தைப் பார்க்க விரும்பும் திருவாலங்காட்டு மாணவன் ரயிலேறி எழும்பூருக்குத்தான் செல்ல வேண்டும்.

மணவூருக்கும் இத்தகைய ஒரு கதை உண்டு. தொண்டை மண்டலத்தின் கோட்டங்களுள் ஒன்றான மணவிற்கோட்டம் இவ்வூரின் பழம்பெயரைத் தாங்கியது என்பது ஆய்வாளர் கருத்து. முதற் குலோத்துங்கன், விக்கிரம சோழன் ஆகியோரின் படைத்தலைவனாக விளங்கிய மணவிற்கூத்தன் காலிங்கராயன் என்னும் நரலோகவீரன் அந்த மணவிலைச் சேர்ந்தவன். தேவாரப் பதிகங்களைச் செப்பேட்டில் பொறித்து வைத்தவன் என்று கல்வெட்டு அவனைப் புகழ்கிறது. அவனுடைய திருப்பணிகளைப் பாட்டாகவே பொறித்து வைத்திருக்கும் இடம் மணவூர் அன்று, சிதம்பரம்.

திருத்தணி மலைக்கு வருவோம். முத்துசுவாமி தீட்சிதர் கற்கண்டின் சுவையோடு முதல் கீர்த்தனையைப் பாடியது இம்மலையில்தான் என்பது இசை மரபு போற்றிவரும் செய்தி. அவருடைய முத்திரையான 'குருகுஹ' இங்கே உறையும் முருகனைக் குறிப்பது. பாடத் தொடங்கியது திருத்தணியில். பாடல்கள் பெருகியது திருவாரூரில். உயிர் நீத்தது எட்டயபுரத்தில். அந்த முதல் கீர்த்தனை இன்று மிகுதியாகக் கேட்கப்படுவது சென்னைச் சபாக்களில்.

இவற்றையெல்லாம் இழப்பு என்று புலம்புவது என் நோக்கமன்று. சிற்பம் அருங்காட்சியகத்தில் பாதுகாப்பாக இருக்கிறது. கீர்த்தனை உலகெங்கும் பரவியிருக்கிறது. கலை பயணம் செய்யத்தான் வேண்டும். ஆனால் நெல் விளையும் ஊரில் விதைநெல்லும் விற்கப்பட்டால் அடுத்த போகம் எப்படி என்பதுதான் கேள்வி.

பணம் கொடுத்தவர்கள் யார்?

கலை வரலாற்றை நாம் பெரும்பாலும் கலைஞர்களின் வரலாறாகவே படிக்கிறோம். அதைப் புரவலர்களின் வரலாறாகவும் படிக்கலாம். திருவாலங்காட்டுச் செப்பேடுகள் 1905இல் கண்டெடுக்கப்பட்டவை, 31 ஏடுகள். சோழர் குலமரபையும் போர்களையும் அறிய அவை முதன்மைச் சான்று என்று மாணவர்களுக்குச் சொல்கிறோம். ஆனால் அடிப்படையில் அவை ஒரு நிதி ஆவணம். முதலாம் இராசேந்திரன் தன் ஆறாம் ஆட்சியாண்டில் பழையனூர் என்னும் ஊரைத் திருவாலங்காட்டுக் கோயிலுக்கு அளித்த கொடைப் பத்திரம் அது. நிலத்தின் வருவாய் கோயிலுக்கு. கோயிலைச் சார்ந்து பாட்டும் கூத்தும் சிற்பமும். செலவின் நோக்கமும் வருவாயின் ஊற்றும் பக்கத்துப் பக்கத்து ஊர்கள்.

பிற்காலத்தில் அந்த இடத்துக்குச் சமஸ்தானம் வந்தது. திருத்தணிப் பகுதி கார்வேட்டிநகரம் ஜமீனைச் சேர்ந்திருந்தது. இசை மாணவர்கள் இன்றும் பயிலும் பதவர்ணங்களைத் தந்த கோவிந்தசாமய்யாவும் கூவனசாமய்யாவும், பதங்களால் புகழ்பெற்ற சாரங்கபாணியும் கார்வேட்டிநகரத்தோடு தொடர்புடையவர்கள். விடுதலைக்குப் பின் ஜமீன்தாரி ஒழிக்கப்பட்டது. உழவனுக்கு அது நியாயம் செய்தது. அதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. கலைக்குப் பணம் தந்த ஒரு கை ஓய்ந்ததும் அப்போதுதான்.

அரசனும் ஜமீனும் ஆதரித்தது செவ்வியல் கலையை. தெருக்கூத்தை ஆதரித்தது ஊர். அதற்கு ஊர் வைத்திருந்த கருவி தலைக்கட்டு வரி. திருவிழாவுக்கு முன் ஊர் கூடி, குடும்பத்துக்கு இவ்வளவு என்று வகுத்து வசூலிப்பார்கள். பொருளியலில் பொதுப் பண்டங்களைப் பற்றிய பாடத்தில் ஒரு சிக்கலை விளக்குவோம்: திறந்தவெளியில் நடக்கும் கூத்தை யாரும் இலவசமாகப் பார்க்கலாம், ஆகவே ஒவ்வொருவரும் அடுத்தவர் பணம் கொடுக்கட்டும் என்று இருந்துவிட்டால் கூத்தே நடக்காது. நம் சிற்றூர்கள் இந்தச் சிக்கலைப் பாடநூல்களுக்கு முன்பே தீர்த்துவிட்டிருந்தன. வாத்தியார் தாம்பூலம் வாங்கிவிட்டால் இரவு உறுதி, கூலி உறுதி. பங்குனியில் தொடங்கி ஆடி வரை ஊர் ஊராக ஆடுவதற்கு வேலை இருந்தது. அந்த நம்பிக்கையில்தான் ஒருவர் தம் மகனுக்கு அடவு கற்றுக்கொடுத்தார்.

அந்த ஏற்பாட்டின் மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. தலைக்கட்டு வரி கொடுக்கும் உரிமையே பல ஊர்களில் சாதியால் வரையறுக்கப்பட்டிருந்தது. வரிப் பட்டியலில் இடம்பெறாதவர்கள் கூத்துக்களத்தின் ஓரத்தில்கூட உட்கார முடியாத ஊர்கள் இருந்தன. பறை அடித்தவருக்குக் கூலி உண்டு, மதிப்பு இல்லை. பழைய முறை திரும்பி வர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பழைய முறை செய்த வேலையை, அதன் அநீதி இல்லாமல், இன்று யார் செய்கிறார்கள் என்றுதான் கேட்கிறேன்.

தலைக்கட்டு வரி இன்றும் வசூலாகிறது. ஆனால் வரி கொடுக்கும் குடும்பங்களில் பாதிப்பேர் ஆவடியிலும் அம்பத்தூரிலும் குடியேறிவிட்டதாக எந்த ஊர்ப் பெரியவரும் சொல்வார். வசூலான தொகையில் மின்விளக்கு அலங்காரம், பட்டாசு, மெல்லிசைக் கச்சேரி ஆகியவை முதலில் வருகின்றன. மிஞ்சுவது கூத்துக்கு. பத்து இரவு நடந்த பாரதக் கூத்து மூன்று இரவாகச் சுருங்குவது இப்படித்தான்.

காவடி தழைக்கிறது, கூத்து தேய்கிறது

இதே திருத்தணியில் கலை தழைத்து நிற்கும் காட்சியும் உண்டு. ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 31 இரவு, பஜனைக் குழுக்கள் மலையின் 365 படிகளிலும் திருப்புகழ் பாடிக்கொண்டே ஏறுகின்றன. படிக்கு ஒரு பாட்டு, படிக்குப் படி கற்பூரம். ஆங்கிலப் புத்தாண்டன்று வெள்ளைக்காரத் துரைமார்களைக் கண்டு வணங்கி வந்த வழக்கத்துக்கு மாற்றாக, துரைக்கெல்லாம் துரையான முருகனை வணங்குவோம் என்று வள்ளிமலைச் சச்சிதானந்த சுவாமிகள் ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன் தொடங்கிவைத்த விழா அது. நுழைவுச்சீட்டு இல்லை. பாடுபவர்க்கு ஊதியம் இல்லை. ஆடிக் கிருத்திகையில் லட்சக்கணக்கானோர் பூக்காவடி ஏந்தி ஏறும்போது பம்பையும் உடுக்கையும் மலையை நிறைக்கின்றன. அருணகிரிநாதரின் சந்தங்கள் இன்றும் எளிய மக்களின் நாவில் புரளுகின்றன என்றால் அதில் இத்தகைய விழாக்களுக்குப் பெரும் பங்கு உண்டு.

ஒரே வட்டாரத்தில் ஒன்று தழைக்க மற்றொன்று தேய்வது ஏன்? படித் திருவிழாவில் பாடுபவர்கள் அன்பர்கள். அவர்களுக்கு வேறு தொழில் உண்டு. பாட்டு அவர்களுக்கு வழிபாடு. கூத்துக்காரருக்குக் கூத்து வழிபாடு மட்டுமன்று, வயிற்றுப்பாடும் கூட. நூற்றுக்கணக்கான பாட்டுகளை மனப்பாடம் செய்து, கல்யாணமுருங்கைக் கட்டையில் செய்த கிரீடத்தையும் புஜகீர்த்தியையும் சுமந்து எட்டு மணி நேரம் ஆடுவதற்கான பயிற்சி, ஓய்வு நேரத்தில் கைவரக்கூடியதன்று. தொழில்முறைக் கலை வாங்குவோர் இன்றி நிலைக்காது.

இங்கே ஒரு பொருளியல் உண்மை குறுக்கிடுகிறது. வில்லியம் பாமல், வில்லியம் போவன் என்னும் அமெரிக்கப் பொருளியலாளர் இருவர் நிகழ்த்துகலைகளின் பொருளாதாரச் சிக்கல் குறித்து 1966இல் ஒரு நூல் வெளியிட்டார்கள். தொழிற்சாலையில் இயந்திரம் மாற மாற ஒரு தொழிலாளி உற்பத்தி செய்யும் அளவு கூடுகிறது. அதற்கேற்ப ஊதியமும் உயருகிறது. ஆனால் நால்வர் சேர்ந்து வாசிக்க வேண்டிய இசையை இன்றும் நால்வர்தான் வாசிக்க வேண்டும். அதே அளவு நேரம்தான் வாசிக்க வேண்டும். வெளியே ஊதியம் உயர உயர, கலையின் செலவு மற்றப் பொருள்களைவிட வேகமாக ஏறிக்கொண்டே போகும். இது நிர்வாகக் குறைபாடு அன்று, கலையின் இயல்பு.

அந்தப் பாடத்தை வகுப்பில் நடத்தியபோது மேலைநாட்டு இசைக்குழுவையே எடுத்துக்காட்டாகச் சொல்லிவந்தேன். மணவூருக்கு அருகே அந்த இரவில்தான் சரியான எடுத்துக்காட்டைக் கண்டேன். அன்று அர்ச்சுனன், திரௌபதி, பேரண்டசாலி எனப் பல வேடங்கள், மிருதங்கம், முகவீணை, ஆர்மோனியம், தாளம், பின்பாட்டுக்காரர். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் இத்தனை பேர் தேவைப்பட்டார்கள், இன்றும் தேவைப்படுகிறார்கள். ஒரகடத்துத் தொழிற்சாலை ஓர் இளைஞனுக்குத் தரும் மாத ஊதியம் உயர்ந்துவிட்டது. ஜமாவின் ஓர் இரவுக் கூலி அந்த வேகத்தில் உயரவில்லை. ஆகவே இளைஞன் போகிறான். அவனைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை.

பெருநகரின் நிழலில்

மணவூர் வழியாகச் செல்வது தென்னிந்தியாவின் முதல் இருப்புப் பாதை. 1856இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா வரை ரயில் ஓடியது இத்தடத்தில்தான். அன்று முதல் சென்னை இந்த வட்டாரத்துக்கு அண்டை வீடு. அண்டை வீடு பெரிய வீடாக இருப்பது நன்மையா தீமையா? ஸ்வீடன் நாட்டுப் பொருளியலாளர் குன்னர் மிர்தால் 1957இல் எழுதிய நூலில் இதற்கு இரண்டு விளைவுகளைச் சொன்னார். வளரும் நகரம் தன் செழிப்பைச் சுற்றுப்புறத்துக்குப் பரப்பவும் செய்யும். சுற்றுப்புறத்தின் மூலதனத்தையும் திறமையையும் தன்பால் ஈர்த்துக்கொள்ளவும் செய்யும். தடுப்பதற்குக் கொள்கை ஏதும் இல்லாவிட்டால் இரண்டாவதே ஓங்கும் என்பது அவர் முடிவு.

கலைத்துறையில் நம் மாநிலத்தில் நடந்தது அதுதான். 1927இல் சென்னையில் கூடிய காங்கிரஸ் மாநாட்டையொட்டி நடந்த இசை மாநாட்டின் விளைவாக மறு ஆண்டு மியூசிக் அகாதெமி தோன்றியது. மார்கழிப் பருவம் வளர்ந்தது. 2017இல் யுனெஸ்கோ தன் படைப்பாக்க நகரங்களின் பட்டியலில் இசைக்காகச் சென்னையைச் சேர்த்தது. பெருமைதான். ஆனால் அந்த நகரத்தின் இசையில் எத்தனை ஊர்களின் இசை கலந்திருக்கிறது என்பதைப் பட்டியல் சொல்வதில்லை.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று கூறுவது நேர்மையாகாது. இயல் இசை நாடக மன்றம் இருக்கிறது. கலை பண்பாட்டுத் துறை இருக்கிறது. நாட்டுப்புறக் கலைஞர்களுக்கு நல வாரியம் இருக்கிறது. நலிந்த கலைஞர்களுக்கு மாத உதவித்தொகை இருக்கிறது. சென்னை சங்கமம் விழா இப்போது 'நம்ம ஊரு திருவிழா' என்ற பெயரோடு பொங்கல்தோறும் நடைபெறுகிறது. இவற்றால் பயன் பெற்றவர்கள் உண்டு. ஆயினும் உதவித்தொகை என்பது கலைஞர் நலிந்தபின் தரப்படுவது. விழா என்பது கலைஞரைப் பார்வையாளர் இருக்கும் பெருநகருக்கு அழைத்துவருவது. கலைஞரின் ஊரிலேயே கலைக்கு வேலை உண்டாக்குவது இவ்விரண்டின் நோக்கமும் அன்று. இருபது நிமிடத்துக்கு ஆட ஆட, இருபது நிமிடத்துக்கேற்ற கூத்துதான் மிஞ்சும்.

நல்ல எடுத்துக்காட்டு ஒன்று செய்யாற்றுப் பக்கம் இருக்கிறது. புரிசை என்னும் ஊரில் கண்ணப்பத் தம்பிரான் பரம்பரையினர் கூத்தை ஊரிலேயே வேரூன்றச் செய்து, கூத்துப்பட்டறையின் ந. முத்துசாமி போன்ற நவீன நாடகக்காரர்களோடு உறவு கொண்டு, மார்க்கேஸின் சிறுகதையைக்கூடக் கூத்தாக்கினார்கள். நகரத்து உறவு கிராமத்தை உறிஞ்சாமல் வளர்க்கவும் கூடும் என்பதற்கு அது சான்று. ஆனால் அது ஒரு குடும்பத்தின் பிடிவாதத்தால் நடந்தது. எல்லா ஊரிலும் ஒரு தம்பிரான் பிறப்பார் என்று எதிர்பார்த்துக் கொள்கை வகுக்க முடியாது.

போராடிப் பெற்ற ஊர்

திருத்தணிக்கு மற்ற ஊர்களுக்கு இல்லாத ஓர் உரிமை நம்மேல் இருக்கிறது. 1953இல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது சித்தூர் மாவட்டத்தோடு திருத்தணியும் அங்கே சென்றது. ம.பொ.சி. தலைமையில் வடக்கெல்லைப் போராட்டம் நடந்தது. அதற்கு முன்பே மங்கலங்கிழார் ஊர் ஊராகச் சென்று தமிழ் கற்பித்து எல்லைப் பகுதியில் மொழியுணர்வை வளர்த்திருந்தார். படாஸ்கர் பரிந்துரையின்படி இயற்றப்பட்ட எல்லை மாற்றச் சட்டம் 1960 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்து, திருத்தணி நம் மாநிலத்தோடு சேர்ந்தது.

அந்தப் போராட்டத்தின் அடிப்படை வாதம் பண்பாடு. இம்மக்கள் பேசுவது தமிழ், பாடுவது தமிழ், இவர்கள் வணங்குவது தமிழ்க் கடவுளை என்றுதான் தலைவர்கள் வாதாடினார்கள். ஆண்டுக்கு ஒருமுறை எல்லைப் போராட்டத் தியாகிகளை நினைவுகூர்வது நம் கடமை, செய்கிறோம். எந்தப் பண்பாட்டைச் சொல்லி ஊரைப் பெற்றோமோ அந்தப் பண்பாடு அந்த ஊரில் எப்படி இருக்கிறது என்று கேட்பதும் நம் கடமைதான்.

எல்லைக்கு அப்பாலும் திரௌபதி அம்மன் கோயில்கள் உண்டு. அங்கே தர்மராஜர் கோயில் என்பார்கள். அங்கே அதே பாரதக் கதையை வீதி நாடகம் என்ற பெயரில் ஆடுகிறார்கள். இந்த வட்டாரத்துக் கலைஞருக்கு இரு மொழியும் தெரியும். இரு பக்கத்துக்கும் அழைப்பு வரும். கோடு போட்டது அரசு. கூத்து அந்தக் கோட்டை மதிக்கவில்லை. இரு மொழிக் கலைஞர்கள் வாழும் எல்லை நகரம் என்பது வேறு ஊர்களுக்குக் கிடைக்காத பேறு.

1948 கற்பிக்கும் பாடம்

இனி, செய்யக்கூடியது என்ன? நம்மிடமே ஒரு முன்மாதிரி இருக்கிறது. 1948இல் சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டத்தை இயற்றியது. விடுதலை பெற்ற இந்தியாவில் இத்தகைய முதல் சட்டம் அதுவே. உள்ளாட்சிகள் வசூலிக்கும் சொத்து வரியோடு நூலக வரியும் சேர்ந்தே வசூலாகிறது. இன்று அது ரூபாய்க்குப் பத்துக் காசு. நாம் செலுத்தும் சொத்து வரி இரசீதில் அந்த வரியைக் காணலாம். தமிழ்நாட்டின் சிற்றூர்களிலும் நூலகம் இருப்பதற்கு அந்தப் பத்துக் காசு முக்கியமான காரணம். நூலகம் யாருடைய கொடையையும் நம்பி நிற்கவில்லை.

அதே 1948இல் பிரிட்டன் ஓர் உள்ளாட்சிச் சட்டம் கொண்டுவந்தது. நாடகம், இசை முதலியவற்றுக்காகத் தன் வரி வருவாயில் பவுனுக்கு ஆறு பென்ஸ் வரை ஒரு நகரம் செலவிடலாம் என்று அச்சட்டம் அனுமதித்தது. போரில் குண்டுவீச்சால் சிதைந்த கோவென்ட்ரி நகரம் 1958இல் தன் மக்களுக்காக நகர நாடக அரங்கு ஒன்றைக் கட்டியது. வீடும் சாலையும் இன்னும் கட்டி முடியாத காலத்தில் அரங்கு எதற்கு என்று அவர்கள் நினைக்கவில்லை.

நாம் புதிய வரி போடவும் தேவையில்லை. சரக்கு சேவை வரி வந்தபின் 2017இல் தமிழ்நாடு தனியே ஒரு சட்டம் இயற்றி, திரைப்படங்கள் மீதான கேளிக்கை வரியை உள்ளாட்சிகளுக்கு உரியதாக்கியது. நேற்று கூத்துக் களத்தில் இருந்த பார்வையாளரை இன்று ஈர்த்திருப்பது திரை. அந்த வருவாயில் ஒரு சிறு பங்கைத் திருத்தணி போன்ற நகராட்சிகள் நேரடி நிகழ்த்துகலைக்கு ஒதுக்கலாம். 2011 கணக்கெடுப்பின்படி சுமார் 45,000 பேர் வாழும் ஊருக்கு ஆண்டுக்கு இருபது இரவுகள் பெரும் சுமையாகா. முக்கியமானது தொகையின் அளவு அன்று. ஆண்டுதோறும் தவறாமல் வரும் என்ற உறுதி. மாவட்டத்துக் குழுக்களிடமிருந்து முழுநீளக் கூத்தை, நியாயமான கூலியில், முன்கூட்டியே அறிவித்த நாள்களில் நகராட்சி வாங்கட்டும். தாம்பூலம் கொடுக்கும் கை நகராட்சியின் கையாக இருக்கட்டும்.

அடுத்தது இடமும் நேரமும். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு பத்து முதல் காலை ஆறு வரை ஒலிபெருக்கியைத் தடை செய்கின்றன. நோயாளிக்கும் மாணவனுக்கும் தூக்கம் தேவை, விதி சரியானதே. ஆனால் அதே விதிகள் பண்பாட்டு, சமய விழாக்களுக்காக ஆண்டுக்குப் பதினைந்து நாள்களுக்கு மிகாமல் நள்ளிரவு வரை தளர்வளிக்க மாநில அரசுக்கு அதிகாரம் தருகின்றன. மூடிய அரங்குகளுக்கும் விலக்கு உண்டு. ஊருக்குச் சற்று ஒதுக்குப்புறமாக, ஓசை வெளியே போகாதவாறு கட்டிய கூத்துக்களம் ஒன்று இருந்தால் அர்ச்சுனன் விடியும் வரை மரத்தில் நிற்கலாம். வேலைக்குச் செல்வோருக்காகச் சனிக்கிழமை இரவுகளைத் தேர்ந்தெடுக்கலாம். மின்ரயில் இருக்கவே இருக்கிறது. சென்னையிலிருந்து இங்கே பார்வையாளர் வரட்டும்.

மறுப்புகள் எழும். சாக்கடை சரியில்லாத ஊரில் கூத்துக்கு ஏன் செலவு என்பார்கள். கூத்துக்கு ஒதுக்காத ஊர்களில் சாக்கடை சரியாகிவிட்டதா என்பது என் எளிய வினா. அரசுப் பணம் வந்தால் அரசியல் வரும், வேண்டியவர்களுக்கு வாய்ப்புப் போகும் என்பார்கள். இந்த அச்சம் நியாயமானது. குழுக்களைச் சுழற்சி முறையில் அழைப்பதும், கொடுத்த கூலியைப் பலகையில் எழுதி வைப்பதும் முழுத் தீர்வு ஆகாவிட்டாலும் ஓரளவு காப்பு. இன்னொன்றும் உண்டு. தலைக்கட்டு வரி சிலரை வெளியே நிறுத்தியது. நகராட்சிப் பணம் எவரையும் வெளியே நிறுத்த முடியாது. களத்தின் முன்வரிசை எல்லோருக்கும் உரியது. அரிதாரம் பூச விரும்பும் பெண்ணுக்கும் அந்த மேடை உரியது. பழைய முறையால் தர முடியாத ஒன்றைப் புதிய முறை தரும்.

கோயிலுக்கும் பங்கு உண்டு. ஓதுவார் பயிற்சிப் பள்ளியும் நாதசுரப் பள்ளியும் நடத்தும் அறநிலையத் துறைக்குக் கலை புதிதன்று. படித் திருவிழாவுக்கும் கிருத்திகைக்கும் திரளும் கூட்டத்தின் முன் இந்த வட்டாரக் கலைஞர்களை ஏற்றினால், விளம்பரச் செலவில்லாமல் பார்வையாளர் கிடைப்பார்கள்.

அன்றிரவு கூத்து முடிந்தபின் கடைசி ரயிலுக்கு நேரமாகிவிட்டது. கோயில் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். முன்வரிசையில் இருந்த பத்து வயதுப் பையன் ஒருவன், அர்ச்சுனன் கழற்றி வைத்த கிரீடத்தைத் தலையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். வாத்தியார் அதட்டவில்லை, கயிற்றை இறுக்கிக் கட்டிவிட்டார். அவன் யார் என்று கேட்டேன். பேரன் என்றார். கற்றுக்கொடுக்கிறீர்களா என்று கேட்டேன். "கத்துக்குடுக்கலாம் சார். ஆட எடம் இருக்குமான்னுதான் தெரியல" என்றார்.

அந்த ஐயத்தைத் தீர்க்க வேண்டியவர் அவர் அல்லர். அடுத்த வரவு செலவுத் திட்டத்தை எழுதும் நகராட்சியும், அதைக் கேட்டு வாங்க வேண்டிய நாமும்தான்.